கேமராவுக்கு வந்த கிரகணம்

“ஏங்க... நான் எங்க?”

போன வியாழக்கிழமை சாயங்காலம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடி என் மனைவி பரமேஸ்வரி கேட்ட கேள்வி இது. திடீரென்று ஆன்மிகத்தில் இறங்கிவிட்டாரோ என்று பயந்துதான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்படியெல்லாம் இல்லை. திரையில் அவர் முகம் தெரிய வேண்டிய இடத்தில் ஒரே இருட்டு. ஓரத்தில் மட்டும் செம்மண் கரைத்த மாதிரி ஒரு மங்கல்.

“லேப்டாப் கெட்டு ரோசாக் ஆயிருச்சா?”

“ரோசாக்கெல்லாம் இல்ல. கேமராவுலதான் ஏதோ கோளாறு. நான் இருக்கேன்ல?”

“அதான் பயமா இருக்கு” என்றார்.

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. பரமேஸ்வரி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து அவரிடம் பாடம் கேட்க வீட்டில் இருப்பது நான் ஒருவன்தான். நான் அத்தனை நல்ல மாணவன் இல்லை. இந்த நிலையில் நியூசிலாந்தில் இருக்கும் சில தமிழ்ப் பெற்றோர் அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள்... ‘எங்கள் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகத் தமிழ் சொல்லித் தருவீர்களா? ஞாயிற்றுக்கிழமை ஒரு வகுப்பு நடத்திக் காட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பிடித்தால் வாரா வாரம் வைத்துக்கொள்ளலாம்.’

அவ்வளவுதான். வீடே பள்ளிக்கூடமாகிவிட்டது. எழுத்து அட்டைகள் வெட்டினார். சேலைக்கு இஸ்திரி போட்டார். மறுநாள் எடுத்துப் பார்த்துவிட்டு, அதே சேலைக்கு மறுபடியும் இஸ்திரி போட்டார். கைப்பேசியில் நடத்தலாமே என்றேன். “அதுல புள்ளைங்க மூஞ்சி கடுகு கடுகா தெரியும். எந்தக் கடுகு கொட்டாவி விடுதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?” என்றார். நியாயம்தானே?

இப்போது கேமரா இருட்டு. கையில் இருப்பது இரண்டே நாள்.

இந்த இடத்தில் என் தகுதியைச் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டரை யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டவன் இல்லை நான். தானாகத் தட்டித் தட்டிப் பழகியவன். லேப்டாப்பை மரியாதையாக வேறு நடத்துகிறவன். தூசு தட்டுவேன், துணி போட்டு மூடுவேன், சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு அதையும் அடுக்கி வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பேன். ‘கம்ப்யூட்டர் ஒரு குழந்தை. தட்டிக் கொடுத்தால் கேட்கும்’ என்று இதே வாரப் பத்தியில் எழுதியவன்.

தட்டிக் கொடுத்தேன். கேட்கவில்லை.

அணைத்துப் போட்டேன். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். கேமராவை ஒரே நொடியில் சரி செய்து தருவதாக இணையத்தில் எவனோ சத்தியம் பண்ணியிருந்தான்... அவன் கொடுத்ததை இறக்கிப் பொருத்தினேன். சும்மா சொல்லக் கூடாது, ஒரே நொடிதான். சத்தம் போய்விட்டது. திரையில் இருந்த எழுத்தெல்லாம் வேறு ஏதோ மொழிக்கு மாறிவிட்டது. அதைப் படிக்கத் தெரிந்தவர் எங்கள் வரிசை வீடுகளில் யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவு பரமேஸ்வரி எழுத்து அட்டைகளை எடுத்து டப்பாவுக்குள் போட ஆரம்பித்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கல்யாணமானவர்களுக்குத் தெரியும்... அது எவ்வளவு ஆபத்தான அறிகுறி என்று.

“நாளைக்குச் சங்கத்துக்குப் போலாம்” என்றேன்.

“எந்த வாயால போவீங்க?”

கேள்வி நியாயமானது. ஈப்போவுக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த ஒரு தாமான் குடியிருப்பில் ஒரு கம்ப்யூட்டர் சங்கம் இருக்கிறது. பால்மரமெல்லாம் போய் வீடுகள் வந்த பிறகும் தோட்டத்துக் கோயிலும் பக்கத்து மண்டபமும் இடம் மாறவில்லை. அந்த மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் ஓய்வு பெற்றவர்கள் கூடி, ஒருவர் லேப்டாப்பை இன்னொருவர் பார்த்துச் சரி செய்துகொள்வார்கள். அவர்களைப் பற்றியும் நான் எழுதியிருக்கிறேன். ‘வடை தின்பதற்காகக் கம்ப்யூட்டரைக் கெடுத்துக்கொள்ளும் சங்கம்’ என்று. அந்த வாரம் நிறையப் பேர் பாராட்டினார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சங்கத்தைச் சேர்ந்தவர் இல்லை.

சனிக்கிழமை சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். சமாதானத்துக்கு வழியில் புந்தோங்கில் ஒரு பெரிய பொட்டலம் கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை, வாங்கிக்கொண்டேன். பிரச்சினை கொண்டு வருகிறவர் பலகாரமும் கொண்டு வர வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம்.

வாசலிலேயே ராஜம்மா அக்கா. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் தலைவர்.

“வாங்க எழுத்தாளரே. வடை தீந்துபோச்சே.”

“நானே கொண்டாந்திருக்கேன் அக்கா. கச்சாங்.”

“அப்பச் சரி. நோயாளிய மேசையில படுக்க வைங்க.”

சங்கத்துக்கு இன்னொரு சட்டமும் உண்டு. உதவி செய்கிறவர் லேப்டாப்பைத் தொடக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்ல மட்டும்தான் செய்யலாம். சொந்தக்காரர்தான் அமுக்க வேண்டும். அப்போதுதான் மனதில் நிற்குமாம். ஆக, பின்னால் கை கட்டியபடி ராஜம்மா அக்கா நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் அதேபோல் இன்னும் நாலைந்து பேர். நடுவில் நான், பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பையனைப் போல.

“எப்பலருந்து இப்பிடி இருக்கு?”

“வியாழக்கெழம.”

“அதுக்கப்புறம் வீட்டுல என்ன மருந்து குடுத்தீங்க?”

சொன்னேன். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. “இவரு எழுதுறது மட்டும் இல்ல, வைத்தியமும் கதைதான்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பரமேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பி, நன்றியோடு சிரித்தார்.

நான் இறக்கியதை என்னையே எடுக்க வைத்தார்கள். எழுத்து ஆங்கிலத்துக்குத் திரும்பியது. சத்தமும் வந்தது. சங்கத்தின் பாதி நேரம், லேப்டாப்பை என்னிடமிருந்து காப்பாற்றுவதிலேயே போய்விட்டது. கேமரா மட்டும் அதே இருட்டு. அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள், கொடுத்திருந்தது. பழுது இருக்கிறதா என்று சோதிக்கச் சொன்னார்கள். ஒரு குறையும் இல்லை என்றது லேப்டாப்.

“உள்ளயே போயிருச்சு போல. கடையிலதான் குடுக்கணும்” என்றார் ராஜம்மா அக்கா, மெதுவாக. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களிடம் பேசிப் பழகிய குரல். “திங்கக்கெழமதான் கட தொறப்பான்.”

பரமேஸ்வரி கைப்பையைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார். “பரவால்ல அக்கா. வேற டீச்சர் பாத்துக்கச் சொல்லி எழுதிடறேன்” என்றார்.

நான் லேப்டாப்பை மூடக் கையை வைத்தேன்.

அப்போதுதான் எதிர் நாற்காலியிலிருந்து ஒரு இருமல். வோங் அண்ணே. பழைய தோட்டத்துக் கடைக்காரர் மகன். நம்மைப் போலவே தமிழ் பேசுவார். தன்னுடைய பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு, முறை வரட்டும் என்று கச்சாங் கொறித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? சாமி விஷயம். கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“அந்தப் பொட்ட எப்ப எடுப்பீங்க?”

“எந்தப் பொட்டு?”

“மேல வச்சிருக்கீங்கல்ல, சந்தனம். கேமரா அதுக்குக் கீழதானே லா இருக்கு?”

எல்லாத் தலைகளும் குனிந்தன. திரைக்கு மேலே, சட்டத்தின் நட்டநடுவில், மூன்று வாரத்துக்கு முன் சரஸ்வதி பூஜையன்று நான் வைத்த பொட்டு. காய்ந்து, கெட்டியாகி, குங்குமத்தோடு அழகாக இருந்தது. அந்த அறையில் பொட்டு இல்லாத லேப்டாப் கிடையாது. ஆனால் மற்றவர்களெல்லாம் மூடியின் மேல் வைத்திருந்தார்கள். நான் ஒருவன்தான் லேப்டாப்புக்கு நெற்றி எது என்று யோசித்து, தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன்.

“வோங், நீங்க இத எப்பப் பாத்தீங்க?” என்றார் ராஜம்மா அக்கா.

“அவங்க வந்தப்பவே பாத்தேன்.”

“ஏன் லா சொல்லல?”

“ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன். முடியிற வரைக்கும் கண்ண மூடி வச்சிருக்காங்கன்னு.”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதன் பிறகு ஒரு புதுச் சிக்கல். யார் துடைப்பது? ஒருவரும் முன்வரவில்லை. “வச்சவரே எடுங்க” என்றார் ராஜம்மா அக்கா. பஞ்சை நனைத்து, கும்பிட்டுவிட்டு, மெல்லத் துடைத்தேன். இருட்டு விலகியது. முதலில் மஞ்சளாக, பிறகு மங்கலாக, கடைசியில் பளிச்சென்று பரமேஸ்வரியின் முகம். அவர் அவசரமாகத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். கைப்பையை மூடினார். இந்த முறை திறக்கவில்லை.

வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பொட்டைத் தினமும்தான் பார்த்தேன். ஆனால் பார்க்கவில்லை. நாமே கையால் மரியாதையாக ஓரிடத்தில் வைத்துவிட்டால், அப்புறம் அது கண்ணில் படுவதே இல்லை. புது சோபா வாங்கி வருடக் கணக்கில் பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்து, முதுகு வேர்க்கிறது என்று காற்றாடியைக் குறை சொல்கிறவர்கள்தானே நாம்? கோளாறை லேப்டாப்புக்குள் தேடினேன், இணையத்தில் தேடினேன். நான் வைத்த கையைத் தேட மட்டும் தோன்றவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. லேப்டாப் அவரிடம் இருப்பதால், நான் வெளியே உட்கார்ந்து கைப்பேசியில் இதை எழுதுகிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை கேட்கிறது: “டீச்சர், நாளைக்கும் கிளாஸ் இருக்கா?” “அடுத்த ஞாயிறு...” என்று தொடங்கி நிறுத்துகிறார் பரமேஸ்வரி. குரல் சரியாக வரவில்லை போலிருக்கிறது. லேப்டாப்பில் சத்தமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நான் தொடவே இல்லை.

காலையில் வகுப்புக்கு முன்னால் அவர் சாமி கும்பிட்டுவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். நான் பதறிப்போய் லேப்டாப்பை மறைத்தேன். “அதுக்கில்ல. கைய நீட்டுங்க” என்றார். நீட்டினேன். என் வலது கை விரல்களில், ஒன்று விடாமல், பொட்டு வைத்தார்.

“எதுக்கு பரமு?”

“ஆயுதத்துக்குத்தானே பூஜை? இந்த வீட்டுல அந்த லேப்டாப்புக்கு எதிரா இருக்கிற ஒரே ஆயுதம் இதான்.”

பொட்டை அழிக்கக் கூடாது அல்லவா? எனவே வாசகர்களே... இந்த வாரப் பத்தி முழுவதும் இடது கையால் தட்டியது.