சேலைன் ஏற்றிய கார்

என் புருஷன் அந்தக் காரை ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் கண்டெடுத்தபோது அதன் பின் சீட்டில் கோழி அடைகிடந்தது. அமெரிக்காவில் செய்த பழைய கார். மாட்டு வண்டியைவிட நீளம். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று ஆலைக்காரர் கொடுத்துவிட்டார். அதை ஓடவைக்க இவர் படாத பாடு பட்டார். உழவு இயந்திரத்தின் விளக்கு, வேனின் கியர்பெட்டி, உடைந்த பஸ்ஸின் சீட் எல்லாம் அதற்குள் போயின. வள்ளத்துக்குப் பூசும் நீலத்தைப் பூசினார். வெயிலில் மினுங்கும். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் அதை வெறுத்தேன்.

சண்டைக் காலம். எங்கள் வீடு கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில், வாவிக்கு மேற்கே. இக்கரை இயக்கத்தின் கையில், அக்கரை அரசாங்கத்து ஆமியின் கையில். பெற்றோலை இக்கரைக்கு வரவிடமாட்டார்கள். ஒளித்துக் கொண்டுவருவது கொஞ்சம்தான். அதனால் இவர் காரை மண்ணெண்ணெயில் ஓடும்படி மாற்றியிருந்தார். ஓடும், ஆனால் கிளம்பாது. கிளப்புவதற்கு மட்டும் பெற்றோல் வேண்டும். அதற்காக எஞ்சினுக்கு மேலே ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தல் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அதிலிருந்து குழாய் வழியே பெற்றோல் சொட்டுச் சொட்டாக இறங்கும். எஞ்சின் சூடானதும் அதைப் பூட்டிவிட்டு மண்ணெண்ணெயைத் திறக்கவேண்டும். அந்தப் பக்குவம் இவருக்கு மட்டும்தான் பிடிபட்டது. வேறு யார் தொட்டாலும் கார் நின்றுவிடும்.

அதுதான் வினை. இயக்கப் பொடியன்கள் கார் கேட்டு வந்தால் காரோடு இவரையும் கொண்டுபோனார்கள். காரை மட்டும் கொண்டுபோயிருந்தால் நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டிருக்கமாட்டேன். கடைசியாகப் போனபோது பின் கண்ணாடி துவக்குச் சூடு பட்டு உடைந்து வந்தது. எங்கே போனீர்கள் என்று கேட்டேன். கண்ணாடி போன இடத்துக்குத் தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“ஒண்டுல இந்தக் கார் வளவுக்குள்ள இரிக்கட்டும், இல்லாட்டி நான் இரிக்கன். ஆரு வேணுமெண்டு சொல்லுங்க,” என்றேன்.

கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடும் அக்கரைப் புளியந்தீவுக்காரர் ஒருவர் முன்பே வந்து பார்த்துப் போயிருந்தார். அக்கரையில் கொண்டுவந்து தந்தால் வாங்குவதாகச் சொன்னார். இவர் விற்கச் சம்மதித்தார். அது தெரிந்ததும் ஊர்ச் சனம் கூடிவிட்டது. கார் போனால் மறுகா பிள்ளைப்பேற்றுக்காரிகளை எதில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று கேட்டார்கள். இவர் சூடு பட்ட காரோடு வந்த அன்று ஒருத்தரும் எட்டிப்பார்க்கவில்லை. அதை முகத்துக்கு நேரே சொன்னேன். கலைந்து போனார்கள்.

புறப்படுமுன் சிவன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தோம். அங்கேதான் இவருக்கு அந்த யோசனை வந்தது. வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். பாதையில் ஏறினால் எஞ்சினை நிறுத்தவேண்டும், அக்கரையில் மறுபடி கிளப்பவேண்டும். ஆகவே போத்தலைக் கழற்ற முடியாது. ஆமி கண்டால் ஆஸ்பத்திரிச் சாமான் எங்கே கிடைத்தது என்று பிடிப்பான். இவர் போத்தலை மஞ்சள் துணியில் பொதிந்து, வேப்பிலை செருகி, திருநீறு பூசி, நேர்த்திக்கடன் பொட்டலம்போலக் கட்டிவிட்டார். சாமி காரியத்தை ஆமிக்காரனும் தொடமாட்டான் என்றார். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெண்சாதி கூட இருந்தால் சந்தேகம் குறையும் என்று நானும் காரில் ஏறினேன்.

அக்கரைச் சோதனைச்சாவடியில் ஓர் ஆமிக்காரன் பொனட்டைத் திறக்கச் சொன்னான். துணி சுற்றிய பொட்டலம். அதிலிருந்து ஒரு குழாய் எஞ்சினுக்குள் போகிறது. அவன் பின்னால் பாய்ந்த பாய்ச்சலில்தான் நாங்கள் செய்த வேலை எங்களுக்கு விளங்கியது. சும்மா விட்டிருந்தால் அது போத்தல். பொதிந்து கட்டியதால் குண்டு.

துவக்குகள் நிமிர்ந்தன. பாதையால் இறங்கிய சனம் ஓடியது. இவர் கைகளைத் தூக்கிக்கொண்டு, தெரிந்த நாலு சிங்களச் சொல்லையும் மறந்து நின்றார். எனக்கு வந்தது பயமல்ல, ஆத்திரம். இந்த இரும்புக்காகவா என் புருஷன் சாகவேண்டும்? நேரே போய்த் துணியைப் பிய்த்து எறிந்தேன். யாரோ கத்தினார்கள். சுடவில்லை. ஏன் சுடவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போத்தல் வெளியே தெரிந்தது. வயதான ஆமிக்காரர் ஒருவர் கிட்ட வந்து மோந்து பார்த்தார். கிளப்பிக் காட்டு என்று சைகை செய்தார். இவர் குழாயின் பூட்டைத் தளர்த்தினார். எஞ்சின் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, பிடித்துக்கொண்டது.

“காருக்கு வருத்தமா? சேலைன் ஏத்துறதா?” என்று அந்த ஆமிக்காரர் உடைந்த தமிழில் கேட்டார்.

“ஓம், பெரிய வருத்தம். அதான் விக்கிறம்,” என்றேன்.

அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகச் சொன்னார்கள்.

வாங்க வந்தவர் சோதனைச்சாவடிக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். பேசிய விலையைக் குறைத்தார், அவ்வளவுதான். குறைக்கட்டும். இவர் கிளப்பும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். பிறகும் கதவைத் தடவிக்கொண்டே நின்றார். கையைப் பிடித்துப் பாதைக்கு இழுத்துவந்தேன்.

சில நாட்களில், பொழுதுபடும் நேரம், இயக்கப் பொடியன் ஒருவன் சைக்கிளில் வந்தான். கார் வேண்டும், அண்ணனும் வரவேண்டும் என்றான்.

“கார் இல்ல மனே. வித்துப்போட்டம்.”

யாரைக் கேட்டு விற்றீர்கள் என்று ஏசினான். ஏசட்டும் என்று நின்றேன். வளவைச் சுற்றிப் பார்த்தான். அண்ணன் எங்கே என்றான். வயல் வட்டைக்குள் வரம்பு கட்டுகிறார் என்றேன். கார் இல்லாத மனிதனால் அவனுக்கு என்ன பிரயோசனம்? சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

இவர் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

“போயிட்டான். வாங்க, சோறு ஆறுது,” என்றேன்.

அன்றைக்கு இரண்டாம் தரமும் சோறு கேட்டார். குழம்பை நிறைய ஊற்றிக் கொடுத்தேன்.