குளிப்பாட்டச் சொன்னார்கள்

இந்த நாட்டில் சாகக் கிடக்கிறவர்களைத் தினமும் குளிப்பாட்டுகிறார்கள். குளிப்பாட்டிய பிறகும் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். இதை ஊரிலிருந்து வாசிக்கிறவர்களில் விருதுநகர், சிவகாசிப் பக்கத்தாருக்கு மட்டும் இதிலுள்ள விசித்திரம் சொல்லாமலே விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் லண்டனுக்கு நர்ஸாக வந்த புதிது. வார்டில் ஹாரிஸ் என்று ஒரு கிழவர். ஒரு காலத்தில் டிராம் ஓட்டியவர். வயிற்றில் புற்றுநோய். மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஆகாரம். வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் என்னை அவர் கட்டிலருகே கூப்பிட்டு, "மிஸ்டர் ஹாரிஸுக்கு பாத் கொடு, தலையும் கழுவிவிடு" என்றாள். நான் கட்டிலை விட்டு ஓரடி பின்வாங்கினேன். "அவர் வீட்டார் முடிவு பண்ணிவிட்டார்களா?" என்று கேட்டேன். "எதை?" என்றாள். "பாத்தை" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கள் நாட்டில் ஒருவரைக் குளிப்பாட்டக் குடும்பமே கூடி முடிவெடுக்க வேண்டுமா?" என்றாள். ஆமாம் என்றேன். மத்தியானத்துக்குள் டீ அறை முழுக்க இதுதான் சிரிப்பு. இந்தியர்கள் கூட்டம் போட்டுத்தான் குளிப்பார்களாம். வாரத்துக்கு ஒரு முறை தொட்டியில் ஊறி, அந்த அழுக்குத் தண்ணீரோடு எழுந்து துடைத்துக்கொள்கிற ஜனங்கள் இதைச் சொன்னதுதான் வேடிக்கை.

எங்கள் பக்கத்தில் படுக்கையில் விழுந்து எழமாட்டாதவர்களுக்கு, வீட்டார் கூடி நாள் குறித்து, எண்ணெய் வைத்துக் குடம் குடமாகப் பச்சைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். குளிர்ந்த உடம்பு பிறகு எழுந்திருக்காது. கொலை என்று சொன்னால் அடிக்க வருவார்கள். மரியாதையாக வழியனுப்பி வைக்கிறார்களாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் அப்பாவுக்கு வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது, புத்தி குழறவில்லை. நாரணாபுரத்தில் சித்தப்பா நடத்திய பட்டாசுக் கம்பெனியில் அப்பாதான் போர்மன். சித்தப்பா எங்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பர். ஜெபம் பண்ண ஆரம்பித்தால் லேசில் ஆமென் வராது. நான் அப்போதுதான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பை முடித்து ஊருக்கு வந்திருந்தேன். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சித்தப்பா சொன்னார்:

"ஞாயித்துக்கிளம ஆராதன முடிஞ்சதும் அண்ணனுக்குத் தலைக்கு ஊத்திருவோம் தாயி. தீவாளி லோடு ஏத்துற நேரத்துல காரியம் வந்துச்சுன்னா சீசன யாரு பாக்குறது?"

"அப்பாகிட்ட கேட்டீகளா?"

"படுத்துக் கெடக்குறவுககிட்ட என்னத்தக் கேக்க?"

நான் குனிந்து கேட்டேன். அப்பா நாக்கைப் புரட்டிப் புரட்டி, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி "வேண்டாம்" என்றார். சித்தப்பா அசரவில்லை. "சாகப் போறவுக எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக" என்றார். இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் கோயிலில் முன்வரிசை நாற்காலி.

வைத்தியம் பார்த்த டாக்டரிடம் ஓடினேன். அவர் சட்டையில் மடிப்புக்கூடக் கலையாமல், குடும்ப விஷயத்தில் தலையிடுவதில்லை என்றார். வயசாகித்தான் செத்தார் என்று சான்று எழுதிக் கொடுக்கிற பேனா மட்டும் அவருக்கு எல்லார் குடும்பத்திலும் தலையிடும். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா காது குடைந்துகொண்டே கேட்டார்: "அப்பனக் குளிப்பாட்டுறதுக்கு எந்தச் செக்சன்ல கேஸ் எழுதச் சொல்றீக?" கத்தியைத் தூக்கினால் சட்டம் உண்டு. எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கினால் அது கண்ணை மூடிக்கொள்ளும்.

சனிக்கிழமை, பட்டாசுப் பெட்டி ஏற்ற வந்த லாரிக்காரரைக் கெஞ்சி அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தீபாவளி தாண்டி, கிறிஸ்துமஸும் பார்த்துவிட்டுத்தான் போனார். முதுகெல்லாம் புண், வலி தாங்காமல் முனகுவார். ஆனால் ஒருநாளும் அந்த "வேண்டாம்" மாறவில்லை. அடக்கம் முடிந்ததும் சித்தப்பா, "நீ நல்ல பிள்ளதான் தாயி. ஆனா அண்ணன அம்புட்டு நாள் சித்திரவத பண்ணிட்ட" என்றார். அந்த வருடம் அவருடைய லோடு ஒன்றுகூட நிற்கவில்லை. நான் கப்பலேறியதற்கு மேல்படிப்பு என்று சொல்லிக்கொண்டேன். அந்த முகங்களை இனிப் பார்க்கச் சகிக்காது என்பதுதான் உண்மை.

வந்து சேர்ந்த இடம் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. ஹாரிஸ் "போதும், என்னை விடுங்கள்" என்று தெளிவான இங்கிலீஷில் சொன்னார். யாருக்கும் அந்த இங்கிலீஷ் புரியவில்லை. குழாயைப் பிடுங்கினார்; திரும்பவும் செருகினார்கள். மறுபடி பிடுங்கினார், கைகளுக்குத் துணியுறை மாட்டிக் கட்டிலோடு கட்டினார்கள். பெரிய டாக்டர் பரிவாரத்தோடு வந்து, "சட்டம் இடம் கொடுக்காது" என்று கட்டிலின் கால்மாட்டைப் பார்த்துச் சொன்னார். எந்தச் சட்டம் என்று அவரும் காட்டவில்லை, கேட்கவும் ஆளில்லை. அங்கே வேண்டாம் என்றவர் பேச்சு செல்லாது, இங்கே போதும் என்றவர் பேச்சு செல்லாது. படுத்துவிட்டவனுக்கு வாய் கிடையாது என்பதில் மட்டும் நாரணாபுரமும் லண்டனும் ஒன்று. இதற்குத்தான் இவ்வளவு கடல் தாண்டி வந்தேன்.

ஒரு காலை, குளிப்பாட்ட வேண்டிக் கைக்கட்டை அவிழ்த்தபோது, "அன்றைக்கு ஏன் என்னைக் குளிப்பாட்டப் பயந்தாய்?" என்று ஹாரிஸ் கேட்டார். டீ அறையில் சொல்லாததை அவரிடம் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார்.

"உன் அப்பாவைக் கேட்டார்களா?"

"நான் கேட்டேன். வேண்டாம் என்றார்."

கட்டின் தடம் பதிந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "நான் வேண்டும் என்கிறேன், நர்ஸ். உங்கள் ஊர்க் குளியல் ஒன்று கொடு" என்றார்.

சித்தப்பாவைக் காறித் துப்பாத குறையாக விட்டு வந்தவளிடம், அவர் கைச் சரக்கையே ஒரு மனிதர் கெஞ்சிக் கேட்கிறார். நான் வெந்நீர் கொண்டுவந்தேன். முழங்கையால் சூடு பார்த்து, சோப்புப் போட்டுத் தலையைக் கழுவினேன். அவர் கண்ணை இறுக மூடி, எதற்கோ காத்திருப்பவர்போல அசையாமல் கிடந்தார். துடைத்து, சீவியும் விட்டேன். கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"எங்கள் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்காது" என்று சொல்லிவிட்டுத் துணியுறையை எடுத்து மாட்டினேன். எந்த நாடு என்று அவர் கேட்கவில்லை.