போட் கரைக்கு வரும்வரை

எங்கள் வீட்டில் அடி உடனே விழாது. அப்பா கடலில் இருந்தால், அவர் கரைக்கு வந்த பிறகுதான் விழும். ஆம்பிளை கடலில் நிற்கும்போது வீட்டில் யாரும் அழக் கூடாது. அழுதால் கடலுக்குக் கேட்கும் என்பார்கள். மீனவ ஊரான உடப்பில் எங்களைச் சுற்றியிருந்த வீடுகளிலும் அப்படித்தான். காலையில் சீனிப் போத்தலை உடைத்தால் பின்னேரம் வரை பயந்துகொண்டு திரிய வேண்டும். சில நேரம் அம்மா மறந்துவிடுவாள். அநேகமாக மறக்க மாட்டாள்.

என் மகள் இப்போது போனுக்கு முன்னால் நின்று அழுது நடிக்கிறாள். கண்ணீர் கேட்டவுடன் வருகிறது. அதைப் பார்த்துத்தான் இது ஞாபகம் வந்தது.

எனக்குப் பத்து வயது இருக்கும். கொழும்பிலிருந்து டிவி நாடகம் எடுக்க இரண்டு வான் வண்டிகளில் ஆட்கள் வந்தார்கள். கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வராத கதை. மூத்த மகளாக நடிக்க ஒரு அக்கா வந்திருந்தாள். பதினேழு, பதினெட்டு வயது. டிவியில் பார்த்த முகம். கூடவே அவளுடைய அம்மா. அந்த அம்மா மகளுக்குக் குடை பிடிப்பார். முகத்து வேர்வையைத் தேய்க்காமல் ஒற்றி எடுப்பார். மத்தியானம் மீனில் முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து ஊட்டிவிடுவார். அவ்வளவு பெரிய பெண்ணுக்கு. நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அம்மாவின் கை என் மேல் படுவது தலை வாரும்போது மட்டும்தான். அதுவும் இழுத்து.

இளைய மகளுக்கு ஊர்ப் பிள்ளை ஒன்று வேண்டும் என்றார்கள். சாயல் ஒத்துப்போகிறது என்று என்னைப் பிடித்தார்கள். நடிகையின் அம்மாவே எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டார். என் அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"புள்ள அழ வேணுமா?"

மூத்தவள்தான் அழுவாள், சின்னது சும்மா பக்கத்தில் நின்றால் போதும் என்றார் அவர். அம்மா சரி என்றாள். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இனி நானும் நடிகை. பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு கதைக்கக் கூடாது என்றுகூட யோசித்து வைத்தேன்.

அன்று பின்னேரமே அப்பா கடலுக்குப் போயிருந்தார். விடிய மற்றப் போட்டுகள் வந்துவிட்டன. அப்பாவின் போட் வரவில்லை. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. என்னுடைய கவலை தலையில் வைத்த பூ காற்றில் பறந்துவிடுமோ என்பதுதான். அம்மா என்னைப் போகாதே என்று மறிக்கவில்லை. மறித்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவளுக்கு வாய் வரவில்லை போல. என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி நெத்தலி காயப்போட்ட இடத்துக்குப் போனாள். காய்ந்து முறுகிப்போன நெத்தலியைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். ஒரு கை திருப்பினால் ஒரு தரம் கடலைப் பார்த்தாள்.

படம் பிடிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தரமும் நடிகையின் அம்மா முதலில் மகளிடம் போனார். காதில் ஏதோ சொன்னார். சொன்னதும் அக்காவின் தாடை நடுங்கியது. கண் நிறைந்தது. மந்திரம் மாதிரி. எனக்கு அந்த மந்திரம் தெரிய வேண்டும் போலிருந்தது. நான் அவளை ஒட்டித்தானே நின்றேன். அடுத்த தரம் காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"அப்பாவ வெள்ளைத் துணியில சுத்திக் கொண்டுவந்தாங்களே. அத நினை."

அவ்வளவுதான். அந்த அக்காவுக்கு அப்பா இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரியும். அவள் அழுதாள். சொல்லிவிட்டுத் திரும்பிய அந்த அம்மாவும் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். எல்லாரும் நல்லா வந்தது, நல்லா வந்தது என்றார்கள்.

பிறகு டைரக்டர் என்னைப் பார்த்தார். சின்னதும் அழுதால் இன்னும் நல்லாயிருக்கும் என்றார். நான் முயன்று பார்த்தேன். முகத்தைச் சுருக்கினேன். கண்ணைக் கசக்கினேன். ஒன்றும் வரவில்லை. போட் கடலில் நிற்கும்போது அழாமல் பழகிய கண். கண்ணீர் மாதிரித் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் விடுவோமா என்று ஒருவன் கேட்டான். மற்றவன், "இவளிட்ட கருவாடுதான் வரும், கண்ணீர் வராது" என்றான். சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. என்னை அனுப்பிவிட்டு வேறு பிள்ளையைப் பிடிப்பார்களோ என்று பயம் வேறு.

நடிகையின் அம்மா என் பக்கத்தில் வந்து மணலில் முழங்கால் போட்டார். என் கன்னத்தைத் தடவினார். கை மெத்தென்று இருந்தது. பவுடர் வாசம் அடித்தது.

"அப்பா எங்க, மகள்?"

"கடலில."

"அப்ப, அப்பா இனி வரவே மாட்டார் எண்டு நினைச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். அடித் தொண்டையில் ஏதோ ஏறி வந்தது. வருகிறது, வருகிறது என்று எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. வாய் திறந்து முதல் சத்தம் வெளியே வரப் பார்க்க, ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. கருவாட்டு மணமும் உப்பும். அம்மா எப்போது வந்தாள் என்று தெரியாது. பொத்திய கையை எடுக்காமலே என்னைத் தன் வயிற்றோடு சேர்த்து இழுத்துக்கொண்டாள்.

"வேற புள்ளையப் பாருங்க" என்றாள்.

டைரக்டர் ஏதோ கெஞ்சினார். நடிகையின் அம்மா, நான் என்ன பிழையாகச் சொன்னேன், என் பிள்ளைக்கும் இதைத்தானே சொல்கிறேன் என்றார். அம்மா நெத்தலிப் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். என் தலையில் இருந்த பூ வழியில் விழுந்துவிட்டது. எடுக்க விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் நடிகை அக்கா தனியாக வந்தாள். அழுத முகம் இன்னும் காயவில்லை. என் அம்மாவிடம் தண்ணீர் கேட்டாள். அம்மா போத்தலில் இருந்ததை ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். குடையின் கீழிருந்து அவளுடைய அம்மா கூப்பிட்டார். வாறன் என்று சொல்லிவிட்டு மறுபடியும் கோப்பையை நீட்டினாள். கடைசி முறை குடிக்கவும் இல்லை. கோப்பையை வைத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில், கருவாட்டு மணத்துக்குள் சும்மா நின்றாள். அம்மா அவளைப் போ என்று சொல்லவில்லை. கடலைப் பார்த்தபடியே, சேலைத் தலைப்பை எடுத்து அவளிடம் நீட்டினாள். முகத்தைத் துடைக்க. இவ்வளவு தாகமா இந்த அக்காவுக்கு என்று நான் எரிச்சலோடு நினைத்தேன். அவளால்தானே எனக்கு எல்லாம் போயிற்று.

அப்பாவின் போட் பின்னேரம் வந்தது. என்ஜின் நின்றுபோய் இன்னொரு போட் கட்டி இழுத்து வந்தது. அப்பா இறங்கி, பசிக்குது என்றார். படக்காரரின் வான் வண்டியெல்லாம் போய்விட்டிருந்தது. என்னுடைய இடத்தில் சின்னம்மாவின் மகள் அழுது நடித்தாளாம். அவளுடைய அப்பாவுக்கு மேசன் வேலை, கடலுக்குப் போகிறவர் இல்லை.

நான் மணலில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்தாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்படி உட்காருகிற ஆள் இல்லை.

"இப்ப அழு" என்றாள். "எவ்வளவு வேணுமெண்டாலும் அழு."

என்னை நக்கல் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். வேண்டுமென்றே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு சொட்டு விடவில்லை. அம்மாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதனால் திரும்பிப் பார்க்கவில்லை.