ராசிபுரம் பஸ்ஸின் மூன்று படிகள்

உலகத் தமிழர் அனைவருக்கும் மகிழ்ச்சியுடன் அறிவிப்பது: சென்ற திங்கள் காலை 7.40-க்கு, ராசிபுரம் பஸ் நிலையத்தில், அடியேன் யார் துணையும் இன்றிப் பஸ்ஸில் ஏறினேன். மாலைகளைத் தவிர்க்கவும்.

சிரிக்க வேண்டாம். எனக்குப் பெக்கர் வகைத் தசைச்சிதைவு நோய். பிளஸ் டூ முடித்தாயிற்று; சேலத்தில் கல்லூரி சேர ஆசை. தினமும் பஸ்தான். பிறந்ததிலிருந்து 'படி, படி' என்ற அப்பா, பஸ் படியை நினைத்ததும் பின்வாங்கினார். கடைசியில் ஒரு பந்தயம்: சேலம் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்த் திரும்பினால் கல்லூரி; இல்லையென்றால் வீட்டிலிருந்தே அஞ்சல் வழிப் படிப்பு.

முதல் படியே முழங்காலுக்கு மேல். "கை குடு சாமி," என்றார் கண்டக்டர். "வேண்டாங்கண்ணா, நானே வாரேன்." கம்பியை இழுத்துப் பிடித்து, தொடையைக் கையால் தூக்கி வைத்து, ஏறியேவிட்டேன். எனக்குப் பின்னால் ஏறிய யாரோ ஒரு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தார். தசையில் ஒரு புரதம் சரியில்லை என்றேன்.

"தெனம் நாலு முட்டை தின்னு கண்ணு."

நாமக்கல் மாவட்டத்தில் எல்லா நோய்க்கும் மருந்து இதுதான். "முட்டை வயித்துக்குத்தானுங்கக்கா போகும். இது ஒடம்பு தானா செய்யற சாமானுங்க."

சேலம் சுமார் 27 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், டிக்கெட் 28 ரூபாய். அங்கே கம்பியில் தொங்கியபடி இறங்கினேன். இதை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏறினதவிட எறங்கினதுலதான் தம்பி சேதம் அதிகம்."

அப்பா லாரி ஓட்டுகிறவர் என்பதால் எனக்கு இப்படித்தான் புரிந்தது. தசைநாரின் மேலுறைதான் தார்ப்பாய். டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம், உறையில் பதிந்திருக்கும் மற்ற புரதங்களைப் பிடித்து, உறையை உள்ளே இருக்கும் சட்டத்தோடு கட்டும் கயிறு. எனக்குக் கயிறு உண்டு, ஆனால் குட்டை. தசை இழுபடும்போதெல்லாம் தார்ப்பாய் கொஞ்சம் கிழிகிறது. இறங்கும்போது பாரத்தைத் தாங்கியபடியே தசை நீள்வதால் கிழிசல் கூடும். என் வீம்பால் கயிறு நீளப் போவதில்லை.

திரும்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கண்டக்டரிடம் வாயைத் திறந்தேன்: "அண்ணா, கொஞ்சம் தூக்கி உடுங்க." படி ஏறுவதைவிட அதுதான் கஷ்டம்.

ராசிபுரத்தில் அப்பா காத்திருந்தார். "தனியா ஏறுனியா?"

"இல்லீங்கப்பா. ஏத்தி எறக்கி உடச் சொல்லிக் கண்டக்டரண்ணன்கிட்ட கேட்டேன்."

பந்தயம் போச்சு என்று நினைத்தேன். அப்பா என் காலைப் பார்த்தார்.

"தெனமும் கேப்பியா?"

"கேக்கறனுங்க."

"அப்ப நாளைக்கே அப்ளிகேஷன் வாங்கியாறலாம்."

என்னைப் போன்ற பயணிகளுக்கு: தாழ்தளப் பேருந்து வந்தால் விடாதீர்கள். கதவை ஒட்டிய சீட்டைக் கேளுங்கள். ஏற உதவி வேண்டாம் என்றாலும் இறங்கும்போது யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மேலே அறிவித்த சாதனையில் ஒரு சின்னத் திருத்தம். மூன்றாவது படியில் என் முதுகை ஒரு கை பலமாகத் தள்ளியது. முட்டை அக்காவின் கை. கூட்ட நெரிசல் என்று நானே முடிவு செய்து, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.