மூலிகை இறங்குகிற தண்ணீர்

இடுப்பில் கட்டிய லுங்கி, எங்கள் பேச்சில் ‘சாரம்’, நனைந்து கெண்டைக்காலில் சப்சப்பென்று அறைய, குற்றாலத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுத் தென்காசி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு மைல் தாண்டிய பிறகும் அருவியின் இரைச்சல் காதைவிட்டு இறங்கவில்லை. அப்போது எனக்குப் பதினாறு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், மூன்று சீசனாக வெளியூர்க்காரர்களுக்கு இடம் காட்டுவதுதான் பிழைப்பு. சிப்ஸ் கடை ஒன்றின் தார்ப்பாய்க்கு அடியில் படுக்கை.

சாரல் விழத் தொடங்கினால் வேன்கள் வரும். கடைக்கார அண்ணாச்சி, “ஏலே, மதுரை வண்டி வந்துட்டு, ஓடுலே” என்று விரட்டுவார். பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம், கடைசியில் தென்காசிக் கோபுரவாசலில் ஆளைத் தள்ளுகிற காற்று என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிடுவேன். “புலியருவியில புலி எங்கடா?” என்று கேட்டால், “லீவுல போயிருக்கு சார்” என்பேன். இடம் காட்டுகிற பையன்கள் நாங்கள் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பேச்சு வைத்திருந்தோம். தண்ணீர் நிறம் மாறிச் சிவந்து வந்தால் அதற்கும் ஒரு பேச்சு உண்டு: “மூலிகை இறங்குது சார், இதுல நின்னாத்தான் ஒடம்புக்கு நல்லது.” மலைமேல் மழை கொட்டுகிறது என்பதுதான் அந்தச் சிவப்புக்குப் பொருள், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால் ஓடிவிட வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சிவப்புக்கும் சருகுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்று நம்பினோம்.

அதற்கு முந்தைய சீசனில், கோவில்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் ஐந்தருவியில் நின்றபடி, “நெறம் மாறுதே தம்பி?” என்று கேட்டார். நான் என் பேச்சைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி தலையைக் கொடுத்தார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் விசில் அடித்தார்கள், ஓரத்தில் நின்றவர்கள் ஓடினார்கள், அவரை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் கீழே பாறை இடுக்கிலிருந்து அவரை எடுத்தார்கள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அடுத்த சீசனில் அவருடைய மனைவி ஐந்து வயது மகனோடு வந்து இறங்கினார். தன் கணவர் பார்த்த இடங்களையெல்லாம் பார்க்க வேண்டும் என்றார். செல்போனில் படத்தைக் காட்டுவதற்கு முன்பே, அப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்த பையனின் நெற்றியைப் பார்த்து, இவர்கள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தருவிப் படியில் நின்று கேட்டார்:

“விசில் சத்தத்துக்கு எல்லாரும் ஓடிட்டாங்களாம். இவரு மட்டும் ஏன் நின்னாரு? குடிச்சிருந்தான்னு எங்க மாமா சொல்லுதாரு. இந்தப் புள்ள காதுபடவே சொல்லுதாரு. நீ பாத்தியா தம்பி?”

“குடிக்கலக்கா. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

உடனே ஊருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் வாயருகே நீட்டினார். மாமனாரின் குரல் சீறியது.

“யாருலே நீ? அவ சொல்லிக் கொடுத்துப் பேசுதியோ? குடிக்காதவன் செவப்புத் தண்ணியில எதுக்குலே நிப்பான்?”

“மூலிகை இறங்குதுன்னு சொன்னதால நின்னாவ தாத்தா.”

“எந்தப் பய சொன்னது?”

“இங்கன எல்லாரும் சொல்லுறதுதான்” என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பையன் என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாந்தான்.”

 “புள்ளைய சளி புடிக்காம கூட்டிட்டு வா” என்று பெரியவர் மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அந்த அக்கா என்னை அடிப்பார் என்று நின்றேன். அவர் போனைப் பைக்குள் போட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அடுத்த எடம் எது?”

காட்டினேன். புலியருவியில் மகனுக்கு எண்ணெய் தேய்த்து, மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு குளிக்க வைத்தார். அவர்கள் குளித்து முடிக்கிற வரைக்கும் நான் வாய் திறக்காமல், மேலிருந்து வருகிற தண்ணீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பஸ் ஏறியதும் தென்காசி ரோட்டில் நடக்கத் தொடங்கியவன்தான்.

அதன்பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. இப்போது அருவிக்கரையில் இடம் காட்டுகிற பையன்கள் இல்லை. அந்த வேலையைச் செல்போன் செய்கிறது. அந்தச் சிப்ஸ் கடையும் இல்லை. மூலிகைப் பேச்சு மட்டும் சாகவில்லை; போன வருஷம் செங்கோட்டை பஸ்ஸில் ஒருவர் இன்னொருவருக்கு அதை அப்படியே சொல்லக் கேட்டு, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். எந்த ஊரில் இருந்தாலும், குழாயில் செம்மண் கலந்து தண்ணீர் வந்தால் மூடிவிட்டு வெளியே போய் நிற்கிறேன்.

அப்படி நடந்துபோன அன்று இரவு தென்காசி பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்து, விடிந்ததும் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போனேன். சுமைக்காரர்களின் மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்து, “மூட்டை தூக்குவியாலே?” என்றார். தலையாட்டினேன். “எந்த ஊரு?” பேசாமல் நின்றேன். “என்னலே, ஊமையா?” என்று சிரித்தார், அதற்கும் தலையாட்டினேன். ஒரு வெங்காய மூட்டையைத் தூக்கி என் தோளில் வைத்தார். அங்கே இருந்த நான்கு மாதமும் என் பெயர் ஊமையன்தான்.