மேளம் நின்ற மதியக் கொடை

ஒரு மனிதர் என்னிடம் ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றைத் திருப்பி வைக்கச் சொன்னார். நான் அதை இந்து மதத்தின் மேல் நடந்த படையெடுப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில், தலையில் பாதி முடி போன பிறகு, இரண்டு பெண் பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்த பிறகு ஒருவனுக்கு இப்படி ஒரு முட்டாள்தனம் வருமா என்று கேட்டால், வரும். எனக்கு வந்தது.

கோவில்பட்டியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். கோயில் கொடைத் திருவிழா, மாதா கோயில் சப்பரம், காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் நான்தான். மதங்களைப் பற்றி என் அறிவு இரண்டு பென் டிரைவ் அளவு. சிவப்பில் சாமி பாட்டு, நீலத்தில் ஏசு பாட்டு. ஒரு தடவை ஒரு காளி கோயிலில் விடியற்காலை நீலத்தைச் சொருகிவிட்டேன். "கல்வாரி" என்று ஆரம்பித்ததும் பதறிப்போய்ப் பிடுங்கப் போனேன். அங்கே பொங்கல் பானைக்குத் தீ தள்ளிக்கொண்டிருந்த அம்மா, "நல்லாத்தானே பாடுதான், முடியட்டும் விடுங்க" என்றது. புத்தி இருந்திருந்தால் அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருப்பேன்.

யோசிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வாட்ஸப் குரூப்பில் சேர்ந்தேன். காலையில் கண் விழித்தால் அங்கே மதம் ஆபத்தில் இருக்கும். ராத்திரி படுக்கும்போதும் ஆபத்திலேயே இருக்கும். இடையில் நான் மூன்று வேளை சாப்பிட்டுக்கொள்வேன். மதம் மாறினவர்களுக்கு நம் சாமி என்றால் ஆகாது, நம் மேளம் என்றால் காது பொத்துவார்கள் என்று அதில் தினமும் வரும். எனக்குத் தெரிந்த ஒரு கிறிஸ்தவராவது அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் நம்பினேன். பார்த்ததை விட போனில் வந்தது பெரிதாகத் தெரிந்தது.

அந்த வருஷம் பங்குனியில் ஓட்டப்பிடாரம் தாண்டி உள்ளே கிடக்கும் ஒரு ஊரில் கொடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கமாகச் செட் போடுகிறவர் தொழிலை விட்டுவிட்டதால் எனக்கு வந்தது. அந்த ஊருக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. மேற்கே ஊர்க்காவல் சாமி கோயில், கிழக்கே மாதா கோயில், நடுவில் மக்காச்சோளம் அறுத்துப்போட்ட கரிசல் காடு. வெயிலில் மண் வெடித்து, கால் விட்டால் முழங்கால் வரை போகிற மாதிரி பிளந்து கிடந்தது.

காலையில் கம்பத்தில் குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். என்னை விட நாலைந்து வயது குறைவாக இருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா உருவம் பதித்த சுரூபம்.

"அண்ணாச்சி, ஒரு சின்னக் காரியம். அந்தக் கெழக்க பாத்த கொழாயை மட்டும் இங்கிட்டுத் திருப்பிக்கிடுதீங்களா?"

"கெழக்க இருக்கவங்களும் சாமி பாட்டு கேக்கட்டுமே. காசா பணமா?"

"பாட்டுப் போடுங்க, அதுக்கு ஒண்ணும் இல்ல. மத்தியான மேளந்தான். இன்னைக்கு நம்ம பிள்ளையப் பேச ஆளு வாராக. அந்த நேரம் மட்டும் அங்கன கேக்காம இருந்தாப் போதும்."

"பாத்துக்கிடுதேன்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் சொல்லாமல் விட்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனது போதும்.

அவருடைய தாத்தாதான் அந்தக் கோயிலின் சாமியாடி. தாத்தா இருக்கும்போதே அப்பா வேதத்தில் சேர்ந்துவிட்டார். அந்தப் பக்கம் கிறிஸ்தவம் ஆவதை அப்படித்தான் சொல்வார்கள். இவர் பிறந்ததே வேதக்காரப் பிள்ளையாகத்தான். மாதா கோயில் சப்பரத்துக்கு முதல் தோள் கொடுப்பவர். ஆனால் கொடை அன்றைக்கு உறுமிச் சத்தம் காதில் விழுந்தால் இவர் உடம்பு இவர் பேச்சைக் கேட்காது. சின்ன வயதில் ஒருமுறை வகுப்பில் இருந்து எழுந்து ஓடியவரை வாத்தியார் பாதி வழியில் பிடித்து வந்திருக்கிறார். அதனால் ஒவ்வொரு கொடைக்கும் விடிகாலை முதல் பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போய்விட்டு, மறுநாள் வருவார்.

அந்த வருஷம் போக முடியவில்லை. புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் யூனிட் வைத்திருப்பவர்கள் வீட்டு மாப்பிள்ளை. வெளிநாட்டு வேலை, லீவு முடிய நாலு நாள்தான் இருந்தது, அதில் அந்த ஒரு நாள்தான் எல்லோருக்கும் தோதுப்பட்டது. அவர்கள் கட்டுப்பாடான வேதக்காரக் குடும்பம். "பழைய பழக்கம் ஒண்ணும் வீட்ல இல்லையே?" என்று இரண்டு தடவை ஆள் விட்டு விசாரித்திருந்தார்கள். இவர் இல்லை என்று சொல்லியிருந்தார். அவர்கள் கண் முன்னால் இவர் ஓடிப்போய் சாமி ஆடினால் மகள் கல்யாணம் அதோடு முடிந்தது.

இது ஒன்றும் தெரியாமல் நான் கம்பத்து மேல் உட்கார்ந்து குரூப்பில் வந்ததை எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் மேளம் இவர்கள் காதில் விழக் கூடாதாம். அப்படியா சேதி? குழாயைத் திருப்பத்தான் செய்தேன். அவர் சொன்னதைத் தொடாமல், தெற்கே பார்த்து இருந்த இன்னொன்றையும் கிழக்கே திருப்பினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே மதச் சேவை அது.

அத்தோடு விட்டேனா? மேளக்காரர்கள் கோயிலுக்குப் பின்னால், மேற்குச் சுவரை ஒட்டி, ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அங்கே நிழலே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. "இங்க இருந்து அடிச்சா யாருக்குவே கேக்கும்?" என்று வயரை இழுத்து, உறுமிக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்தேன். மேளக்காரர் ஒருவர், "பூசாரிட்ட கேட்டீரா?" என்றார். "எல்லாம் கேட்டாச்சு" என்றேன். பூசாரி உள்ளே அலங்காரத்தில் இருந்தார்.

உச்சி நேரத்துக்கு மேளம் எழும்பியது. உறுமியை நீங்கள் கிட்டே இருந்து கேட்டிருக்கிறீர்களா? வளைந்த குச்சியைத் தோலில் வைத்துத் தேய்க்கும்போது பூமிக்கடியில் ஏதோ ஒன்று புரண்டு படுக்கிற மாதிரி இருக்கும். நான் வால்யூமைத் திருகினேன். கரிசல் காட்டைத் தாண்டிப் போய் மாதா கோயில் சுவரில் மோதி அது திரும்பி வந்தது. என் திறமையை நினைத்து நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போதுதான் அவர் வருவது தெரிந்தது. தெரு வழியாக வரவில்லை. காட்டுக்கு நடுவே, செருப்பில்லாமல், அறுத்த தட்டைக் குச்சிகளுக்கு மேலே நேர்கோடாக நடந்து வந்தார். பின்னால் அவர் மனைவி ஓடி வந்தது. அதற்கும் பின்னால் புதுச் சேலையும் வேட்டியுமாக ஒரு கூட்டம்.

சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து மைக் ஸ்டாண்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் வந்ததும் ஸ்டாண்டு தானாகக் கீழே இறங்கிவிட்டது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கண் திறந்திருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. வலது கையில் சோறும் குழம்பும் அப்படியே ஒட்டியிருந்தது. பந்தியில் பாதியில் எழுந்து வந்திருக்கிறார். வெடிப்பு விழுந்த அந்தக் காட்டில், நாம் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாலும் தடுக்கி விழுகிற இடத்தில், ஒரு அடி பிசகாமல் உறுமியின் தாளத்துக்கு வந்து நின்றது அந்தக் கால்.

ஒரு கிழவி குலவை போட்டது. அப்புறம் பத்து பேர். "வந்துட்டான்யா, வந்துட்டான்" என்று யாரோ அழுதார்கள். தாத்தா இறந்ததிலிருந்து அந்தக் கோயிலில் சாமி யார் மேலும் இறங்கவில்லையாம். முப்பது வருஷத்துக்கு மேலாக மேளம் அடித்து, கூப்பிட்டுப் பார்த்து, வராமல், வெறும் தீபத்தைக் காட்டிக் கொடையை முடித்துக்கொண்டிருந்தார்கள். தாத்தாவின் வேல்கம்பு சாமிக்குப் பக்கத்தில் சாத்தியபடி இருந்தது. கூட்டம் விலகி வழி விட்டது. அவருக்கும் வேல்கம்புக்கும் நடுவில் ஐந்தடி இருக்கும். சோற்றுக் கை மெல்ல மேலே எழுந்தது.

கேலி பேசியே பிழைத்தவன் நான். சாமியாட்டம் எல்லாம் பாதி நடிப்பு, பாதி சாராயம் என்று மைக்கிலேயே சொல்லியிருக்கிறேன். அந்த நிமிஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பூசாரி வெளியே வந்தார். அவரைப் பார்த்தார். கிழக்கே பார்த்த என் குழாய்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மேளத்த நிப்பாட்டுங்கலே!"

மேளக்காரர்களுக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய் உறுமிக்காரர் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கினார். சத்தம் அறுந்து நின்றது. தூரத்தில் மேயும் ஆட்டு மணி கேட்டது. கிழவியின் குலவை பாதியில் நின்றது. ஒருத்தர் கூட, "ஏன் நிறுத்தினாய்" என்று கேட்கவில்லை. முப்பது வருஷம் கூப்பிட்டு வராத சாமி ஐந்தடி தூரத்தில் வந்து நிற்கிறது. அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

பூசாரி சாமியைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுகிற குரலில், "நீ சொன்ன சொல்லை நீ காப்பாத்திக்கோ. தப்பு எங்க மேல" என்றார். பிறகு சாமியாடிக்கு ஊற்றுகிற மஞ்சள் தண்ணீரை ஒதுக்கிவிட்டு, குடிக்கிற தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அந்த மனிதரின் தலையில் ஊற்றினார். அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆள் திரும்பி வந்தது. தன் கையையே பார்த்தார்.

"மச்சான், வீட்டுக்குப் போ. கைகூடக் கழுவாம வந்துருக்க பாரு" என்றார் பூசாரி.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா, தையல்காரர்களுக்கே உரிய அளவெடுக்கிற கண், எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "என்ன நடந்துச்சு?"

நெற்றி நிறைய விபூதியும் கழுத்தில் சாமி மாலையுமாகப் பூசாரி கூசாமல் பொய் சொன்னார். "வெயிலு. சத்தம் தாங்க முடியல, கொறைங்கன்னு சொல்ல வந்தாரு. மயக்கம் வந்துட்டு. எல்லாம் இந்த மைக் செட்டுக்காரரால வந்த வினை."

கடைசி வாக்கியம் மட்டும் பொய் இல்லை.

"ஆமா, என்னா வெயிலு" என்றது கூட்டம். குலவை போட்ட கிழவி, "எனக்கே கிறுகிறுன்னு வருது" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா இன்னும் தாளத்துக்கு லேசாக அசைந்துகொண்டிருந்த அந்தக் காலைப் பார்த்தார். வேல்கம்பைப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை என்று நான் நினைக்கவில்லை. தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து, ஈரமும் சோறுமாக இருந்த அந்தக் கையைத் துடைத்துவிட்டார்.

"வாங்க சம்பந்தி. சோறு ஆறிப்போகும்."

இன்னும் பேசி முடிக்கவே இல்லை. அவர் அந்த முறையைச் சொல்லிவிட்டார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. எல்லோரும் வந்த வழியே காட்டுக்குள் திரும்பி நடந்தார்கள்.

கொடையின் மிச்சம் மேளம் இல்லாமலேயே நடந்தது. எல்லாம் முடிந்த பிறகு நான் பூசாரியிடம் போனேன். அவர் சாப்பிட இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கப் பிடிக்காத முகம்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்துன்னு சாமிட்டச் சொன்னீங்களே, அது என்ன சொல்லு?"

"இவரு அப்பன் வேதத்துல சேரும்போது சும்மா போகல. இங்க வந்து சாமிட்டக் கேட்டுட்டுத்தான் போனாரு. எம் பிள்ளைகளத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு. சரின்னு பல்லி சொல்லுச்சு. அப்ப பூசாரியா இருந்த எங்கப்பா பக்கத்துல நின்னாரு."

"நம்மள விட்டுப் போறவருக்கு நம்ம சாமி எதுக்கு வாக்குக் குடுக்கணும்?"

"எங்கவே போனாரு? அந்தா தெரியுது வீடு." சோற்றைப் பிசைந்தார். "சாமி வார்த்தை குடுத்துட்டு. நாம மேளத்த அடிச்சு அதை வார்த்தை தப்ப வைக்கலாமா? அதுக்குத்தான் வருசாவருசம் அவரு பஸ் ஏறுன பெறகுதான் தோலைத் தட்டுவோம். இந்த வருசம் பின்னால போய் உக்காந்தோம். நீரு வந்தீரு."

நான் கம்பத்தில் ஏறிக் குழாய்களை அவிழ்த்தேன். மேலே இருந்து பார்த்தால் இரண்டு கோயிலும் தெரிந்தது. நடுவில் கறுப்பு மண்ணில் அவர் நடந்து வந்த தடம். சாமிக்குக் கோபம் வரும், சாமி தண்டிக்கும், சாமி காக்கும் என்று எவ்வளவோ கேட்டிருக்கிறேன். சாமியின் மானத்தை ஊர் காக்கும் என்று கேட்டதில்லை. அதுவும் வேறு கோயிலுக்குப் போய்விட்ட ஒரு வீட்டுக்காக. குரூப்பில் எழுதலாமா என்று போனை எடுத்தேன். இதில் எந்தப் பக்கம் ஜெயித்தது என்று கேட்பார்கள். சொல்லத் தெரியாமல் போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

மறுநாள் அரைக் கிலோ காராச்சேவு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஆடு பத்திக்கொண்டு போயிருந்தார். மனைவிதான் இருந்தது. கல்யாணம் வைகாசியில் என்று சொன்னது. நான் மன்னிப்புக் கேட்டேன். சும்மா கேட்கவில்லை. எனக்கு மதங்களைப் பற்றி இருந்த தவறான எண்ணம், குரூப், இந்து தர்மத்தின் பெருந்தன்மை, ஏசுவின் அன்பு என்று, கையில் மைக் இல்லாத குறையாக, நின்றபடியே ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டேன்.

அந்த அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டது. காராச்சேவை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தது.

"அண்ணாச்சி, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவரு சொல்லியிருப்பாரு. உங்களுக்குக் கேக்கத் தோணல. இதுக்குப் போய் மதத்த எதுக்கு இழுக்குதீங்க?"