நாக்குக்கு அடியில் ஒரு கல்

மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நான் சமையல்காரன். ரசத்தை ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் போதும், என் வலது தாடைக்கு அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிடும். உயிர் போகிற வலி. ஒரு மணி நேரத்தில் தானாக வற்றிவிடும். சாப்பிட்டுக்கொண்டேதான் வீட்டுக்கு வீடியோவில் பேசுவேன் என்பதால், மன்னார்குடியில் இருக்கும் என் மனைவி கல்யாணி வீங்கிய முகத்தையே பார்த்துவந்தாள். "மலேசியா ஒத்துக்கிச்சு உங்களுக்கு, கன்னம் வச்சிருக்கு" என்று பூரித்துப்போனாள்.

உமிழ்நீர் வரும் குழாயில் கல் என்று ஸ்கேனில் தெரிந்தது. கல் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், கடையில் ஆளாளுக்கு வைத்தியரானார்கள். உடம்பில் எங்கே கல் இருந்தாலும் நம் மக்களுக்கு ஒரே மருந்துதான், வாழைத்தண்டுச் சாறு. முதலாளி ஜெஞ்சாரோம் என்ற ஊரிலிருந்து தண்டு வரவழைத்தார். கல்யாணியும் போனில் அதையே சொன்னாள். மூன்று வாரம் குடித்தேன். கழிப்பறைக்கு ஓடி ஓடிக் கால் தேய்ந்தது. கல் மட்டும் இருந்த இடத்தில் சுகமாக இருந்தது.

ஊரில் டாக்டர் சொல்வார், நாம் தலையாட்டுவோம். இங்கே சீன டாக்டரம்மா படம் வரைந்து விளக்கினார். கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு, சின்னக் கூடையால் கல்லை இழுக்கலாம். நாக்குக்கு அடியில் கீறியும் எடுக்கலாம். கல் ஆழத்தில் இருந்தால் கழுத்து வழியாகச் சுரப்பியையே எடுக்க வேண்டிவரும். சொல்லிவிட்டு, உங்கள் விருப்பம் என்ன என்று என்னையே கேட்டார். எனக்கு என்ன தெரியும்? ருசி போனால் வேலை போகும், வேலை போனால் பெர்மிட்டும் போகும். அது மட்டும்தான் தெரியும்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் சாந்தி கிள்ளான்காரி. "பயப்படாதீங்க லா அண்ணே. உங்க கல்லு பெருசு, கூடையில வராது. ஆனா வாய்ப்பக்கமாத்தான் இருக்கு. மரத்துப்போக ஊசி போட்டு, கீறி எடுத்துட்டு அன்னைக்கே அனுப்பிடுவாங்க. டேஸ்ட் எங்கயும் போவாது" என்றாள்.

அப்படியே எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, எச்சில் ஒழுங்காக ஊறுகிறதா என்று பார்க்கக் கூப்பிட்டார்கள். "புளிப்பா எதையாச்சும் நெனச்சுக்கோங்க அண்ணே" என்றாள் சாந்தி. கண்ணை மூடிக் கல்யாணியின் வத்தக்குழம்பை நினைத்தேன். நெஞ்சு இளகியது, வாய் காய்ந்தே கிடந்தது. சாந்தி தன் பையிலிருந்து 'அசாம் போய்' என்று இங்கே சொல்கிற பண்டம் ஒன்றை எடுத்து நீட்டினாள். உப்பும் புளிப்புமாகக் காயவைத்த பிளம் பழம் அது. பார்த்த மாத்திரத்தில் எச்சில் சட்டையில் ஒழுகியது. டாக்டரம்மா கைதட்டினார். எனக்கோ பெண்டாட்டிக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல இருந்தது.

அன்று மாலை போனில் சோதனையைப் பற்றிச் சொன்னதும் கல்யாணி கேட்டாள்: "எதை நெனச்சதும் ஊறிச்சு?"

"உன் வத்தக்குழம்புதான், வேற என்ன?" என்றேன், அசாம் போய்க் கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.